கோழி இறகு வைத்த கதை

“…அத்தத் தலையில வெச்சிக்கினு குனிஞ்சா கண்ணுல குத்தாதாம்மா? எலி வளையில மூஞ்சியக் குடுத்து ஊதறவளுக்கு இன்னாத்துக்குக் கோழி றெக்கை?” என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. இந்த மண்வெட்டிக்கு ஏன் பிடி இவ்வளவு குட்டை என்று விசாரிப்பதுபோலக் கேட்டார். நான் குடையை மடக்குவதும் விரிப்பதுமாக நின்றேன். திருவான்மியூருக்குத் தெற்கே, பஸ் போகாத பக்கம், சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் ஏழெட்டுக் குடிசைகள். இருளர் குடியிருப்பு. அந்த அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். பின்னால் இன்னும் நாலு பெண்கள் விறகு கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகள், பத்து வயதுக்காரி, குடிசைக்குப் பின்னால் இருந்தாள். நான் வந்ததும் அங்கே போனவள்தான், தலையைக்கூடக் காட்டவில்லை. அவளைத் தேடித்தான் நான் வந்திருந்தேன்.

எப்படி வந்து நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். அதற்கப்புறம் படித்ததெல்லாம் ஊரார் வாயிலிருந்து. பஸ்ஸில் யாராவது ஒரு சொலவடை சொன்னால் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொள்வேன். ரேஷன் கடை வரிசையில் சண்டை வந்தால் சர்க்கரையை மறந்துவிட்டுச் சண்டையைக் கேட்பேன். அப்போது அடையாறில் ஒரு மாமி தன் வீட்டு முன்னறையில் குழந்தைகளுக்காக ஒரு நூலகம் நடத்தினார். மயிலாப்பூரிலிருந்து குடிவந்தவர். அவரிடம் எனக்கு வேலை. தூசி தட்டுவது, பழுப்புக் காகிதத்தில் அட்டை போடுவது, கிழிந்த பக்கத்தைக் கஞ்சி தடவி ஒட்டுவது. நான் பிள்ளைகளிடம் வாயடித்துக்கொண்டே அட்டை போடுவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் மாமி சொன்னார்:

“நீ கதை சொல்றச்சே கை, கால், கண்ணு எல்லாம் சேர்ந்துண்டு சொல்றதுடி. புஸ்தகத்தைப் பெட்டியில போட்டுண்டு நீயே பள்ளிக்கூடத்துக்குப் போ.”

அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் காலையில் ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகங்களோடு திருவான்மியூர் பஸ்ஸில் ஏறுவேன். கண்டக்டர் படிக்கட்டிலேயே சிரிப்பார். “கதைப்பொட்டி ஏறிக்கிச்சா? ரைட், போலாம் நைனா” என்பார் டிரைவரிடம். அங்கே ஒரு சின்னத் தொடக்கப்பள்ளி. ஐந்தாம் வகுப்புக்கு முதல் மணி என்னுடையது. ஒரு கதை சொல்லி, ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, போன வாரத்துப் புத்தகங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு வருவேன். பிள்ளைகள் என்னையும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். நானும் திருத்தவில்லை. சும்மா கிடைத்த பட்டத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

பெட்டியில் ஆதிவாசிகளைப் பற்றிய படக்கதைகள் நாலைந்து இருந்தன. பிள்ளைகளுக்கு அவைதான் உயிர். அட்டை கையோடு வந்துவிடும், அத்தனை பேர் எடுத்துப் போவார்கள். ஒரு புத்தகத்தில் ஆஸ்திரேலியா, ஒன்றில் ஆப்பிரிக்கா, ஒன்றில் நம் மலை. ஊர்தான் வேறு. மற்றபடி எல்லாப் படத்திலும் அதே தீ, அதே முரசு, அதே ஈட்டி. எல்லார் தலையிலும் இறகு. வழி தப்பி வந்த பட்டணத்துப் பையன் ஒருவனை மரத்தில் கட்டி வைத்திருப்பார்கள். எனக்கு அது ஒன்றும் உறுத்தவில்லை. உறுத்தாததோடு, அவற்றைப் பார்த்து நானே ஒரு கதை கட்டினேன். காட்டு ஜனங்கள் நெருப்பைச் சுற்றி ‘ஜிம்பா, ஜிம்பா’ என்று ஆடுவார்கள். தலைவன் மகள் மனமிரங்கி, கட்டிப் போட்டிருந்த பையனை அவிழ்த்து விடுவாள். ஜிம்பாவுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. வாய்க்கு நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

அந்த வகுப்பில் ஒரு பெண் என் பெட்டியின் மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக் கொண்டுவருவதற்காகவே கேட் பக்கம் நிற்பாள். முதல் வரிசை. கணீர் என்று குரல். சிமெண்டுக் காகிதத்தில் சுற்றித்தான் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோவாள், ஒரு மடிப்பு விழாமல் திருப்பித் தருவாள். இரட்டைப் பின்னல், சிவப்பு நாடா. மற்றப் பிள்ளைகளைப் போல அவளும் ஒரு பிள்ளை என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

பொங்கல் கழிந்து வந்த ஒரு வெள்ளிக்கிழமை. ஜிம்பா கதையை நடித்தே காட்டிவிடலாம் என்று எனக்கு ஆசை வந்தது. பக்கத்து வீட்டுக் கொல்லையில் கோழி இறகு பொறுக்கி, அட்டைப் பட்டையில் வரிசையாகச் செருகி, ஒரு கிரீடம் செய்து கொண்டுபோனேன். தலைவன் மகளாக நடிக்க யார் வருகிறீர்கள் என்றதும் எல்லாக் கையும் தூக்கியாயிற்று. அவள் மட்டும் தூக்கவில்லை. குரல் நன்றாக இருக்கிறதே என்று நான்தான் அவளை எழுப்பி, கிரீடத்தை வைத்துவிட்டேன்.

“ஜிம்பான்னு கத்து பாப்போம்.”

அவள் வாயைத் திறக்கவில்லை. கூச்சம் என்று நினைத்து அவளுக்கும் சேர்த்து நானே கத்தினேன். பின் வரிசையிலிருந்து ஒரு பையன், “டீச்சர், அது நெஜமாவே காட்டுக்காரிதான்” என்றான். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். “ஆமாண்டா, இன்னிக்கு இவதான் காட்டுக்கே ராணி” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கேட்டில் அவள் இல்லை. பெட்டியை நானே இழுத்துக்கொண்டு போனேன். அதற்கடுத்த வாரமும் இல்லை. காய்ச்சலோ என்று வாத்தியாரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அது இருளர் வீட்டுப் பிள்ளைம்மா. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்று தலையாட்டினேன்.

“ரோட்டுல பாத்தா பசங்க ஜிம்பா ஜிம்பான்னு பின்னாடியே ஓடறானுங்க. ரெண்டு பேரை முட்டி போட வெச்சேன். என் கண்ணுக்கு முன்னாடிதான் நிறுத்த முடியுது” என்றார். அப்புறம் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே, “அந்தக் குடியிருப்புலேர்ந்து அஞ்சாவது வரைக்கும் வந்த முத பிள்ளை. இன்னும் பத்து நாள் பொறுப்பேன். அதுக்குள்ள வரலேன்னா பேரை அடிச்சுத்தான் ஆகணும், மேலேர்ந்து பார்வையிட வராங்க. பேரை அடிச்சா அப்புறம் அது எங்க திரும்பி வரப்போவுது?” என்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்தச் சொல்லை ஊருக்கு எடுத்துக் கொடுத்ததே என் வாய்தான் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

அடையாறுக்குத் திரும்பியதும் மாமியிடம் கொட்டினேன். மாமி அந்த நாலைந்து புத்தகங்களையும் மேஜையில் பரப்பிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“படம் நன்னா இருந்துதேன்னு நாந்தாண்டி வாங்கினேன். எங்காத்துல மூணு தலைமுறையா எல்லாரும் படிச்சவா. ஒருத்தருக்கும் இது தோணலையே.” புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓரமாகத் தள்ளினார். “நீ போ. கடுதாசி கிடுதாசி எழுதிண்டு நிக்காதே, நேர்ல போ. கால்ல விழணும்னா விழு. அங்க போயும் கதை அளந்துண்டு மட்டும் நிக்காதே.”

அப்படித்தான் அந்த மணலில் போய் நின்றேன். வந்த காரியத்தைச் சொன்னதும் அந்த அம்மா, “அந்தக் கதைய மொதல்ல எனக்குச் சொல்லு. எம்பொண்ணு சொல்ல மாட்டேன்றா” என்றார். மாமியின் எச்சரிக்கை ஞாபகம் வந்தது. ஆனால் கேட்பவர் அவர் அல்லவா? சொன்னேன். தீ, முரசு, மரத்தில் கட்டிய பையன், ஜிம்பா, கிரீடம் எல்லாம். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே கேட்காமல் இறங்கிவிட்டது. விறகு கட்டிய பெண்கள் ஜிம்பாவில் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. எல்லாம் முடிந்தபிறகுதான் கோழி இறகைப் பற்றிக் கேட்டார்.

“அந்த மாதிரி ஜனங்கள நீ எந்தக் காட்டுல பாத்தே?”

“பாக்கலம்மா. புத்தகத்துல படம் இருந்துது.”

“படம் போட்டவன் பாத்தானா?”

“தெரியாது.”

“கேக்கறவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதும்பாங்க. நீ வடிச்சே, பசங்க நக்கிக்கினாங்க” என்றார்.

வேறு நாளாக இருந்தால் அதை அப்படியே டிக்கெட்டில் எழுதியிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டு, தப்புதாம்மா, மன்னிச்சிடுங்க என்றேன்.

“மன்னிப்ப வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? அவ போவ மாட்டேன்றா. ரெண்டு தபா இஸ்துக்கினு போய் வுட்டேன், எனக்கு முன்னாடி ஊட்டுக்கு வந்து நிக்கறா. பெருங்குடி பக்கம் அறுப்பு முடிஞ்சிடிச்சி. எலி புடிக்கக் கூப்புட்டுக்கினே கீறாங்க. எங்கூட வரட்டும். ஒரு கை கூட இருந்தா எனக்கும் நல்லதுதான்.”

நல்லதுதான் என்று சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. குடிசைக் கூரையைப் பார்த்தார். ஓலை இடுக்கில் ஒரு சிமெண்டுக் காகிதப் பொட்டலம் செருகியிருந்தது. என் நூலகத்துப் புத்தகமாகத்தான் இருக்க வேண்டும். நனையாத இடமாகப் பார்த்து வைத்திருந்தார்கள்.

எனக்கு அங்கேதான் தைரியம் வந்தது. “நீங்க எப்படி எலி புடிக்கறீங்கன்னு எனக்குக் காட்டுங்க. அதை உள்ளபடி கதையா எழுதி, அதே பசங்க முன்னால சொல்றேன். போன கதை பொய்யின்னும் சொல்றேன்” என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு பானையைக் கொண்டுவந்தார். அடியில் ஒரு துளை. காய்ந்த வைக்கோலைத் திணித்து, நெருப்பு வைத்து, வாய்ப்பக்கத்தை மணலில் கவிழ்த்து அழுத்தினார். வயலில் என்றால் அந்த வாய் எலி வளையின் மேல் உட்காரும். மேலே வந்த துளையில் வாய் வைத்து ஊதினால் புகை வளைக்குள் போகும்.

“ஊது.”

முழங்காலிட்டு ஊதினேன். அழுத்திப் பிடிக்கத் தெரியாததால் புகை முழுக்க என் முகத்துக்கே திரும்பி வந்தது. இருமி, கண் கரித்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் எதிரே ஒன்றுமே தெரியவில்லை. பெண்கள் சிரிப்பது மட்டும் கேட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவே குடிசைக்குப் பின்னாலிருந்து கணீர் என்று ஒரு சிரிப்பு. எனக்குத் தெரிந்த குரல்.

“ஊதறவ கண்ணத்தான் மொதல்ல கரிக்கும்” என்றார் அந்த அம்மா. பிறகு அங்கேயே உட்கார்ந்து, வளையை எப்படித் தேடுவது, வாயில் புது மண் கிடந்தால் உள்ளே எலி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது, எங்கே தோண்டுவது என்று மணலிலே கோடு போட்டுக் காட்டினார். வளைக்குள் எலி சேர்த்த கதிரை எடுக்கும்போது ஒரு பிடி அங்கேயே விட்டு வருவது அவர் வீட்டு வழக்கமாம். “தப்பிச்ச குட்டி எதுனா இருந்தா தின்னுமே” என்றார்.

நான் கிளம்பும்போது கண்டிஷன் சொன்னார்.

“வெள்ளிக்கெழம வேலைக்குப் போற வழியில அவளக் கூட்டிக்கினு வரேன். வாசல்ல நிப்பேன். நீ சொல்றது சரியா இருந்தா அவள வுட்டுட்டுப் போறேன். கோணலா எதுனா சொன்னே, அப்டியே கூட்டிக்கினு வயலுக்குப் போய்டுவேன். அப்பால நீயும் இந்தப் பக்கம் வராதே.”

அந்த வாரம் நான் எழுதியதையும் கிழித்ததையும் மாமிதான் பார்த்தார். அழகாக வருகிற வரியெல்லாம் பொய்யாக இருந்தது. காடு என்று எழுதினேன், அவர்கள் காட்டில் இல்லையே, சவுக்குத் தோப்பில் அல்லவா இருக்கிறார்கள் என்று அடித்தேன். அம்மாவும் பெண்ணும் வயலுக்குப் போகிறார்கள், வளையைக் கண்டுபிடிக்கிறார்கள், ஊதுகிறார்கள், தோண்டுகிறார்கள், திரும்புகிறார்கள். கடைசியில் அவ்வளவுதான் மிஞ்சியது.

மாமி படித்துவிட்டு, “சண்டையே இல்லியேடி. கொழந்தைகள் ஒக்காந்து கேக்குமோ?” என்றார். எனக்கும் அதே பயம்தான்.

வெள்ளிக்கிழமை பெட்டியோடு வகுப்பில் நுழைந்தபோது வாசலில் யாரும் இல்லை. வாத்தியார் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். நான் புத்தகங்களை வேண்டுமென்றே மெதுவாக எடுத்து அடுக்கினேன். கீழே இருந்ததை மேலே வைத்தேன், மேலே இருந்ததைக் கீழே. பிறகு நிமிர்ந்தால் வாசற்படியில் அந்த அம்மா. இடுப்பில் பானை, அதற்குள் குட்டைக் கடப்பாரை. மறுகையில் மகளுடைய மணிக்கட்டு. பின்னல் போட்டிருந்தாள், நாடா இல்லை. உள்ளே ஒரு கிசுகிசுப்பு ஓடியது.

“டீச்சர், இன்னிக்கு ஜிம்பாவா?” என்றான் பின் வரிசைப் பையன்.

“இல்லை. அது நான் கண்ணால பாக்காம அளந்த கதை. அந்த மாதிரி ஜனங்க எங்கயும் இல்லை. இனிமே அதை யாரும் சொன்னா என்னைத்தான் கேலி பண்றீங்கன்னு எடுத்துப்பேன். இன்னிக்கு நான் கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு வந்த கதை” என்றேன்.

ஆரம்பித்தேன். வாசல் பக்கம் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று வைராக்கியம். கை, கால் எதையும் ஆட்டவில்லை. புது மண்ணைப் பார்த்து வளையைக் கண்டுபிடித்த இடத்தில் பேச்சு அடங்கியது. பானை வந்ததும் முன் வரிசை தள்ளித் தள்ளி என் காலடிக்கே வந்துவிட்டது. “எலி தப்பிக்கறதுக்கு வேற வழியும் வெச்சிருக்கும். அதனால அந்த அம்மா மத்த ஓட்டையெல்லாம் மண்ணு வெச்சு மூடினாங்க” என்றேன்.

பின் வரிசைப் பையன் கையைத் தூக்கினான். “டீச்சர், அவ்ளோ பெரிய வயல்ல எந்த ஓட்டை இந்த எலியோடதுன்னு அவங்களுக்கு எப்டித் தெரியும்?”

எனக்குத் தெரியாது. அதை நான் கேட்கவே இல்லை. பொய்க்குப் பஞ்சமே இல்லாத என் வாய், அந்த நேரத்திலும் ஒன்றைத் தயாராக வைத்திருந்தது. மோப்பம் பிடிப்பார்கள் என்று சொல்லியிருக்கலாம், பிள்ளைகள் நம்பியிருப்பார்கள். நுனிநாக்கு வரை வந்ததை விழுங்கினேன்.

“தெரியலப்பா. கேக்காம வந்துட்டேன்.”

வைராக்கியத்தை விட்டு வாசலைப் பார்த்தேன். அந்த அம்மா எடுத்துக் கொடுக்கவில்லை. பானையை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினார். கிளம்புகிறார் என்று நினைத்தேன்.

“மொதல்ல கொஞ்சூண்டுதான் ஊதணும்.”

கணீர் என்ற குரல். அவள்தான். அம்மாவின் கையைப் பிடித்தபடியே சொன்னாள்.

“கொஞ்சமா ஊதினா எங்கெங்க பொகை வருதோ அதெல்லாம் அந்த எலி ஓட்டை. அத மூடிட்டு அப்பால பலமா ஊதணும். டீச்சருக்கு ஊதவே வராது.”

வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம் திரும்பியிருந்தது, எனக்கு அது பாயசமாக இருந்தது.

“எவ்ளோ ஓட்டை இருக்கும்?” என்றான் பையன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே வந்தாள். சாக்பீஸ் எடுத்துக் கரும்பலகையில் ஒரு நீள வளை போட்டாள். கிளை பிரித்தாள். இது வாசல், இது குட்டி போடற இடம், இது கதிர் வெக்கிற இடம் என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள்.

“கடிக்காதா?”

“கடிக்கும். இந்தா பாரு.” ஆள்காட்டி விரலை நீட்டினாள். அவன் பின் வரிசையிலிருந்து எழுந்து வந்து, அந்த விரலின் தழும்பை அருகில் வைத்துப் பார்த்தான்.

“உள்ள நெல்லு நெறய இருக்குமா?”

“ஒரு மொறம் இருக்கும். கதிர் கதிரா அடுக்கி வெச்சிருக்கும், உன் பைய விட ஒழுங்கா.”

அவன் பையை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவனும் பார்த்துவிட்டு, சிரித்து, தலையைச் சொறிந்துகொண்டு அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தான். வாத்தியார் பேனாவைத் திறந்து பதிவேட்டில் அவள் பேருக்கு நேரே வருகைக் குறி போட்டார். நான் மேலே இருந்த புத்தகங்களைத் தள்ளிவிட்டுத் தகரப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். வாத்தியார் தண்ணீர் வேண்டுமா என்று ஜாடையில் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அவள் சாக்பீஸ் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு முதல் வரிசையில் தன் இடத்தில் உட்காரும்வரை அந்த அம்மா வாசலிலேயே நின்றார். பிறகு பானையைத் தலையில் ஏற்றி, கடப்பாரையைக் கையில் எடுத்துக்கொண்டு, படியிறங்கிப் பெருங்குடிப் பக்கம் தனியாக நடந்தார்.